கையெழுத்துப் போடும் முன்

1. பதிவுத் தபால் வந்தது

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத் தெரு இருக்கிறது. பழைய தெரு. மளிகை, பாத்திரம், துணி, பூ எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழ் பேசும் வியாபாரிகள் பல தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை நடத்துகிற ஓர் அம்மாவை நினைத்துக் கொள்வோம். கடை வாடகைக் கடை. மாத வாடகை 3,000 ரூபாய். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும். படிக்க வராது. தமிழ் எழுதப் படிக்க ஒரு வருடமாகத்தான் கற்று வருகிறார். முன்பெல்லாம் கைநாட்டு வைப்பார். இப்போது கையெழுத்துப் போடுகிறார்.

ஒருநாள் காலை தபால்காரர் வந்தார்.

“அம்மா, உங்க பேருக்கு ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போடுங்க.”

அம்மா பெருமையோடு கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரித்தார். உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். பக்கத்துக் கடைத் தம்பி படித்துச் சொன்னார்.

“அக்கா, இது வக்கீல் நோட்டீஸ். நீங்க 6 மாச வாடகை பாக்கின்னு கடை முதலாளி சொல்றாரு. 15 நாளுக்குள்ள கட்டணுமாம். இல்லேன்னா கடையைக் காலி பண்ணக் கேஸ் போடுவாராம்.”

அம்மாவுக்குக் கை நடுங்கியது. 6 மாதப் பாக்கியா? இல்லை. பாக்கி 2 மாதம்தான். மற்ற 4 மாத வாடகையைக் கையில் கொடுத்துவிட்டார். பயத்தில் நோட்டீசை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார். ஐந்து நாள் யாரிடமும் பேசவில்லை.

நோட்டீசை ஒளித்து வைத்தால் நாள் நிற்குமா? நிற்காது.

2. நோட்டீஸ் வேறு, தீர்ப்பு வேறு

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். ஒருவர் தன் வக்கீல் மூலம் இன்னொருவருக்கு எழுதுவது. அது கோர்ட்டு உத்தரவு இல்லை. அதைப் பார்த்து உடனே கடையைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் கூடாது.

கேரளத்தில் வாடகைக் கட்டடங்களுக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம் நகரத்துக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டம் இப்படிச் சொல்கிறது:

வாடகை பாக்கி என்று காலி செய்யக் கேட்பவர், முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பாக்கியைக் கட்டலாம். ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் நோட்டீஸ் அனுப்பிய தபால் செலவும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால்தான் அவர் வாடகைக் கோர்ட்டுக்குப் போக முடியும்.

தபாலை வாங்க மறுத்தாலும் தப்ப முடியாது. மறுத்த நாளிலிருந்து 15 நாள் ஓடும்.

இன்னும் ஒன்று. வாடகை கொடுத்தவருக்கு ரசீது கேட்கும் உரிமை உண்டு. இதையும் அதே சட்டம் சொல்கிறது.

3. வஞ்சியூருக்குப் போனார்

ஆறாம் நாள் அம்மா நோட்டீசை எடுத்துக் கொண்டு வஞ்சியூருக்குப் போனார். திருவனந்தபுரம் மாவட்டக் கோர்ட்டு அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் வக்கீல் அலுவலகங்கள்.

கோர்ட்டு வாசலில் சில சமயம் தரகர் வருவார். “நல்ல வக்கீலைக் காட்டுறேன், வாங்க” என்பார். அவரோடு போக வேண்டாம். தரகர் மூலம் வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது வக்கீல்களுக்கான விதி. தெரிந்தவர்களிடம் விசாரித்துப் போவதே நல்லது.

அம்மா தெரிந்தவர் சொன்ன ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் நோட்டீசைப் படித்தார். விவரம் கேட்டார். பிறகு குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார்.

“இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. கேஸ் வந்தா தேவைப்படும்.”

தாளில் பாதி அச்சு. பாதி வெறுமை. அம்மா பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

“தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க.”

குமாஸ்தா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கோபப்படவில்லை. “அம்மா கேட்கிறது சரிதான்” என்றார். தாளை வாங்கிப் பொறுமையாகச் சொன்னார்.

அந்தத் தாளின் பெயர் வக்காலத்து. “என் வழக்கை இந்த வக்கீல் நடத்தலாம். எனக்காகக் கோர்ட்டில் பேசலாம். மனு கொடுக்கலாம்” என்று நாம் எழுதிக் கொடுப்பது. சில வக்காலத்தில் இன்னும் சில வரிகள் இருக்கும். சமரசம் செய்யலாம், பணம் வாங்கலாம் என்றும் இருக்கும். அதனால்தான் படித்துப் பார்க்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நமக்குப் புரிகிற மொழியில் கேட்க வேண்டும்.

வெறும் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. கைநாட்டும் வைக்கக் கூடாது. எழுதாத தாளில் பிறகு யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். கையெழுத்து மட்டும் நம்முடையதாக இருக்கும்.

4. பீஸ் எவ்வளவு?

அம்மா அடுத்த கேள்வி கேட்டார்.

“சார், பீஸ் எவ்வளவு ஆகும்?”

பலர் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கூச்சம் வேண்டாம். வக்கீலுக்குப் பணம் கொடுப்பவர் கட்சிக்காரர். வக்கீலிடம் வழக்கைக் கொடுத்தவரைக் கட்சிக்காரர் என்று சொல்வார்கள். வழக்கு கட்சிக்காரருடையது. வக்கீல் அவருக்காக வேலை செய்கிறார்.

பணத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒன்று, வக்கீல் பீஸ். அது அவர் வேலைக்கு. இன்னொன்று, வழக்குச் செலவு. கோர்ட்டுக் கட்டணம், ஸ்டாம்ப், நகல், தபால் எல்லாம் இதில் வரும்.

வக்கீல்களுக்கு 1961ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த சபைக்கு இந்திய பார் கவுன்சில் என்று பெயர். வக்கீல்கள் நடக்க வேண்டிய முறையை அது விதிகளாக எழுதியிருக்கிறது. பணத்தைப் பற்றி அந்த விதிகள் சொல்வதைப் பார்ப்போம்:

கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும். பீஸ் எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று தனித்தனியே காட்ட வேண்டும். கட்சிக்காரர் கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும்.

“வழக்கில் ஜெயித்தால் கிடைப்பதில் எனக்குப் பாதி” என்று வக்கீல் பேசக் கூடாது. இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. விபத்து நஷ்டஈட்டு வழக்கில் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

“கண்டிப்பாக ஜெயிக்கும்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி. வக்கீல் உழைப்பைத் தரலாம். வெற்றியை எழுதித் தர முடியாது.

அந்த வக்கீல் பீசையும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய். அம்மா தாளை வாங்கிக் கொண்டார். “நாளைக்குச் சொல்றேன் சார்” என்று எழுந்தார். அவர் கை காதுக் கம்மலைத் தொட்டது. அடகு வைக்க வேறு பொருள் இல்லை.

5. “உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு”

வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்து விசாரித்தார்.

“ஏன் கம்மலை வைக்கணும் அக்கா? பொம்பளைங்களுக்கு இலவசமா வக்கீல் கொடுப்பாங்க. எனக்கும் கொடுத்திருக்காங்க. அதோ அந்த ஆபீசுதான்.”

வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மலையாளத்தில் ‘நியம சேவன அதாரிட்டி’ என்பார்கள். மலையாளத்தில் ‘நியமம்’ என்றால் சட்டம். இதன் தலைவர் மாவட்ட நீதிபதி. தாலுகாக்களிலும் இதற்குக் குழுக்கள் இருக்கின்றன.

இது தர்மமா? இல்லை. உரிமை.

1976இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஏழ்மையால் யாருக்கும் நீதி கிடைக்காமல் போகக் கூடாது, அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று அது சொல்கிறது.

1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கைதியின் வழக்கு வந்தது. அவருக்குத் தீர்ப்பின் நகல் வெகுகாலம் கைக்கு வரவில்லை. அதனால் மேல்முறையீடு தாமதமானது. கைதிக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும், வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர்.

1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

யாருக்கெல்லாம் இலவச வக்கீல் கிடைக்கும்?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்.
தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பழங்குடியினருக்கும்.
மாற்றுத் திறனாளிகளுக்கு.
தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு.
சிறையிலும் காவலிலும் இருப்பவர்களுக்கு.
வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு.
குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு.

பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண் என்பதே போதும்.

எழுதத் தெரியாவிட்டால் விவரத்தை வாயால் சொல்லலாம். அங்கே எழுதிக் கொள்வார்கள். வீட்டிலிருந்தே கேட்க 15100 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

6. நோட்டு பேசியது

அம்மாவின் மனுவை எழுதிக் கொண்டார்கள். ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்த ஒரு பெண் வக்கீல் நோட்டீசைப் படித்தார்.

“அம்மா, 4 மாச வாடகை கொடுத்தேன்னு சொல்றீங்க. ரசீது இருக்கா?”

“இல்லையே. கையில கொடுத்தேன்.”

“எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எழுதிப் பழகிய நோட்டு. அ, ஆ எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் வரவு செலவு இருந்தது. நடுவில் இரண்டு வரி. ‘வாடகை 3,000’ என்று எழுதித் தேதி போட்டிருந்தார். எழுதிய பெருமையில் முதலாளியிடம் காட்டியிருந்தார். அவரும் சிரித்துக் கொண்டே பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆனால் 2 மாதத்துக்குத்தான் அப்படி இருந்தது. அதற்கு முந்திய 2 மாதத்துக்கு எழுத்து இல்லை. அப்போது அம்மாவுக்கு எழுத வராது.

பெண் வக்கீல் உள்ளதைச் சொன்னார். “இந்த 2 மாசத்துக்கு ஆதாரம் இருக்கு. பழைய 2 மாசத்துக்கு இல்லை. உண்மையான பாக்கி 2 மாசம். ஆகமொத்தம் 4 மாச வாடகையை, 15 நாளுக்குள்ள வட்டியோட கட்டிட்டா கடைக்குப் பயமில்லை. கட்டாமத் தகராறு பண்ணினா கேஸ் வரும். முடிவு உங்க கையில.”

அம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. கொடுத்த பணத்தையே மறுபடி கொடுப்பதா? ஆனால் கடைதான் சோறு போடுகிறது. சேமிப்பில் 6,000 ரூபாய் இருந்தது. வக்கீலுக்கென்று நினைத்த கம்மல் வாடகைக்காக அடகுக்குப் போனது.

12ஆம் நாள் பணம் கட்டினார். வட்டியும் தபால் செலவும் சேர்த்துக் கட்டினார். இந்த முறை ரசீது வாங்கினார். மற்ற 2 மாதம் கட்டியாகி விட்டது என்று, நோட்டின் நகலோடு பதில் நோட்டீஸ் போனது. கேஸ் வரவில்லை.

இரண்டு மாத வாடகை போயிற்று. கடை நின்றது. கடையைக் காத்தது நோட்டில் இருந்த இரண்டு வரி.

7. காகிதம் யாருடையது?

சிலருக்கு வேறு ஒரு பிரச்சினை வரும். வக்கீலை மாற்ற வேண்டியிருக்கும். பழைய வக்கீல், “பீஸ் பாக்கியைக் கொடு, அப்புறம்தான் காகிதம்” என்பார். அப்படிச் செய்யலாமா?

போபாலில் ஒரு கூட்டுறவு வங்கிக்கே இப்படி நேர்ந்தது. 1993இல் வங்கி தன் வக்கீலை மாற்றியது. வழக்குக் காகிதங்களைத் திருப்பிக் கேட்டது. அவர் பீஸ் பாக்கி 97,100 ரூபாய் என்று சொல்லி, காகிதங்களைக் கொடுக்கவில்லை. பார் கவுன்சிலுக்குப் புகார் போனது. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

2000 ஆகஸ்டு 22இல் தீர்ப்பு வந்தது. பீஸ் பாக்கிக்காக வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்கக் கூடாது. பாக்கி இருந்தால் அதைச் சட்டப்படி தனியாகக் கேட்கலாம். காகிதத்தைத் தர மறுப்பது தொழில் ஒழுங்கீனம். இப்படி நீதிமன்றம் சொன்னது.

அதற்காக வக்கீலுக்கு உரிய பீசைக் கொடுக்காமல் இருக்கலாமா? கூடாது. உழைப்புக்குக் கூலி கொடுப்பது நம் கடமை. ஆனால் காகிதம் நம்முடையது.

அசல் பத்திரங்களைக் கொடுக்கும்போது நகல் எடுத்து வைக்க வேண்டும். என்னென்ன கொடுத்தோம் என்று ஒரு பட்டியல் எழுதி, அதில் வக்கீல் அலுவலகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

8. வாய்தாத் தேதி

கோர்ட்டில் அடுத்த விசாரணை நாளை வாய்தா என்பார்கள். “வக்கீல் பார்த்துக்குவார்” என்று சும்மா இருக்கக் கூடாது. யாரும் போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரலாம். எதிராளி பேச்சை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு அது. அதை மாற்ற மனுப் போடலாம். அதற்கும் நாள் கணக்கு உண்டு. நாள் தவறினால் கஷ்டம்.

நோட்டில் மூன்று விவரம் எழுத வேண்டும். எந்தக் கோர்ட்டு, வழக்கு எண், அடுத்த வாய்தா. இப்போது வழக்குகளுக்கு சி.என்.ஆர். எண் என்று ஒன்று தருகிறார்கள். எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்டது. அதை வைத்துச் செல்பேசியிலேயே அடுத்த தேதியைப் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள்.

9. வக்கீல் தவறு செய்தால்?

பெரும்பாலான வக்கீல்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். நாமும் வக்கீலிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாம் சொன்ன ரகசியத்தை அவர் வெளியே சொல்லக் கூடாது. இது சட்டம். ஒரு வழக்கில் நமக்கு ஆலோசனை சொன்னவர் அதே வழக்கில் எதிராளிக்காக ஆஜராகவும் கூடாது.

ஒருவேளை வக்கீல் பணத்தை ஏமாற்றினால், காகிதத்தைத் தராவிட்டால் மாநில பார் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். கேரள பார் கவுன்சில் எர்ணாகுளத்தில் இருக்கிறது. குற்றம் உறுதியானால் அது வக்கீலைக் கண்டிக்கலாம். சில காலம் தொழில் செய்யாமல் தடுக்கலாம். பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது. வக்கீல் வேலை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே 14இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

புகார் கொடுக்கவும் ஆதாரம் வேண்டும். ரசீது, கடிதம், தேதி. மறுபடியும் நோட்டுதான்.

10. நினைவில் வைப்போம்

நோட்டீஸ் வந்தால் ஒளிக்காதே. வந்த தேதியை எழுது.
வெறும் தாளில் கையெழுத்துப் போடாதே.
புரியாததைப் படிக்கச் சொல்லிக் கேள்.
பீஸ் வேறு, செலவு வேறு. இரண்டுக்கும் ரசீது வாங்கு.
காகிதத்தின் நகல் உன்னிடம் இருக்கட்டும்.
வாய்தாத் தேதியை நோட்டில் எழுது.
வசதி இல்லையா? 15100க்குப் பேசு.

இட்லிக் கடை அம்மா இப்போது ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்குகிறார். ரசீதை வாங்கியதும் படித்துப் பார்க்கிறார். மாதம் சரியா? தொகை சரியா? கையெழுத்து இருக்கிறதா? பார்த்த பிறகுதான் மடித்து வைக்கிறார். அரிசி டின்னுக்கு அடியில் இல்லை. நோட்டுக்குள்.

சொல்லும் பொருளும்

கட்சிக்காரர் – வக்கீலிடம் வழக்கைக் கொடுத்தவர்
வக்காலத்து – வழக்கை நடத்த வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் அனுமதி
வாய்தா – அடுத்த விசாரணை நாள்
ஒருதலைத் தீர்ப்பு – ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு
நகல் – அசலைப் போலவே எடுத்த பிரதி

பதில் சொல்லுங்கள்

1. அம்மா நோட்டீசை ஒளித்து வைத்தது ஏன்? அதனால் எத்தனை நாள் வீணானது?
2. குமாஸ்தா நீட்டிய தாளில் அம்மா உடனே கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கலாம்?
3. இலவச வக்கீல் யாருக்கெல்லாம் கிடைக்கும்? உங்கள் வீட்டில் யாருக்குக் கிடைக்கும்?

சேர்ந்து பேசுவோம்

நீங்கள் ரசீது வாங்காமல் கொடுத்த பணம் உண்டா? வாடகை, கடன், சீட்டுப் பணம், கூலி முன்பணம் – எதற்கெல்லாம் இனி ரசீது வாங்கலாம்? குழுவில் பேசுங்கள். பிறகு உங்கள் நோட்டில் ஒரு ரசீது எழுதிப் பழகுங்கள். பெயர், தொகை, எதற்காக, தேதி, கையெழுத்து. ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.